திரும்பும் வழி

விளக்கு நன்றாகவே எரிகிறது. பிரேக்கை மிதித்தாலும் மங்குவதில்லை. எஞ்சின் ஓடும்போதும் நிற்கும்போதும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லை. ஆனாலும் இரவில் வேனுக்குள் ஏறி சுவிட்சைத் தட்டும்போதெல்லாம் ஏதோ நெருடுகிறது. வேலையில் குறை சொல்ல முடியாது. விஷயம் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டுச் சுத்தமான ஒயரிங் என்றுதான் சொன்னார்கள். நெருடல் வேறு இடத்தில் இருக்கிறது. மின்சாரம் விளக்குக்கு வந்துசேரும் பாதையைப் பற்றி இவ்வளவு யோசிக்கிற நாம், அது திரும்பிப் போகும் பாதையை ஏன் நினைப்பதே இல்லை என்ற கேள்வியாகத்தான் அது தொடங்கியது. பிறகு, அந்தப் பாதையை நாங்கள் சரிசெய்த விதம் சரிதானா என்று மாறியது. சின்ன விஷயம்தான். பழைய டெம்போ வேன் ஒன்றின் கூரையில் ஒட்டிய சில விளக்குகள். ஆனால் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே அந்த வண்டியில் போய்வந்துகொண்டிருந்த நாட்களில், ஆலப்பாக்கத்தையும் புதுச்சத்திரத்தையும் தாண்டும்போது சாலையின் இருபுறமும் தேங்கி நின்ற தண்ணீரைப் பார்த்தபடியே யோசித்ததால், விளக்கைப் பற்றிய யோசனை விளக்கோடு நிற்கவில்லை.

கோயில் சுற்றுலாவுக்கு ஓடி ஓய்ந்த வண்டி அது. பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் ஒன்றும், ஜன்னலுக்குத் திரையும், சின்ன அடுப்பு வைக்க ஒரு மேடையும், விளக்குக்கும் விசிறிக்கும் ஒரு தனி பேட்டரியும் சேர்த்திருந்தோம். லாட்ஜ் மாடிப்படிகளில் அம்மாவால் ஏறமுடியாமல் போனபின் வந்த ஏற்பாடு. கேரவன் என்றால் நம்மூரில் சினிமா படப்பிடிப்புதான் ஞாபகத்துக்கு வரும். தேர்தல் காலத்தில் பிரச்சார வேன். பிரச்சார வேனுக்குள் எரிகிற விளக்கு, இருட்டில் நிற்கிற கூட்டத்துக்குத் தலைவரின் முகம் தெரிவதற்காக வைத்தது. எங்கள் வண்டியின் விளக்குக்கு அம்மாவின் மாத்திரை அட்டைதான் முக்கியம். காலை மாத்திரைக்கும் இரவு மாத்திரைக்கும் ஒரே வெள்ளி நிறம், பின்பக்கத்து எழுத்து மட்டும்தான் வேறு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் அட்டையை விளக்குக்கு நேராகப் பிடித்துப் படிப்பார். முன்னால் போகிற பஸ் நின்று நான் பிரேக்கை அழுத்தினால் வெளிச்சம் சட்டென்று அமுங்கும். காலை எடுத்ததும் திரும்பி வரும். பேட்டரியில் சார்ஜ் குறைவு என்றார் ஒருவர். எல்.இ.டி. பட்டை மட்டமான சரக்கு என்றார் இன்னொருவர். சுவிட்சை மாற்றினோம், பட்டையை மாற்றினோம், பேட்டரியிலிருந்து வரும் சிவப்பு ஒயரைப் புதிதாக இழுத்தோம். பிரேக்கை மிதித்தால் மங்குவது மட்டும் மாறவில்லை.

மாற்றியதெல்லாம் வரும் வழியில் இருப்பவை என்பது அப்போது உறைக்கவில்லை. ஏன் உறைக்கவில்லை என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். விளக்கு என்றாலே எண்ணெய் விளக்கின் கணக்கில்தான் நமக்கு மனம் பழகியிருக்கிறது. அகலில் எண்ணெய் ஊற்றுகிறோம், திரி உறிஞ்சுகிறது, எரிந்து தீர்ந்துபோகிறது. ஊற்றுவதற்கு ஒரு பக்கம் போதும். வடலூருக்குப் பக்கத்தில் கருங்குழியில் வள்ளலார் தண்ணீரால் விளக்கெரித்த கதையை எங்கள் பக்கத்துக் குழந்தைகள் எல்லோரும் கேட்டு வளர்கிறார்கள். அந்தக் கதையின் அற்புதமும் ஊற்றப்பட்டது எது என்பதில்தான் இருக்கிறது. எண்ணெய்க்குப் பதில் தண்ணீர். ஊற்றியது எரிந்து தீரும் என்ற அடிப்படை அப்படியே நிற்கிறது. மின்சாரத்தையும் இந்தக் கணக்கிலேயே வைத்துக்கொள்கிறோம்: கம்பி வழியாக வருகிறது, பல்பில் எரிந்து செலவாகிறது. உண்மையில் மின்னோட்டத்தில் ஒரு துளிகூடச் செலவாவதில்லை. 0.8 ஆம்பியர் உள்ளே போனால் 0.8 ஆம்பியர் வெளியே வந்தாக வேண்டும். வழியில் அது தன் சக்தியைத்தான் வெளிச்சமாகவும் சூடாகவும் இறக்கிவைக்கிறது. ஓட்டம் குறையாமல் பேட்டரியின் மறுமுனைக்குப் போய்ச் சேர்கிறது. போக வழியில்லை என்றால் வரவும் வராது. பள்ளிக்கூடத்தில் மூடிய சுற்று என்று படம் வரைந்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனால் வண்டியில் விளக்கு எரியவில்லை என்றால் கை தானாக பாசிட்டிவ் ஒயரைத்தான் தேடிப்போகிறது.

வண்டிகளில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திரும்பும் வழி கண்ணில் படுவதில்லை. பேட்டரியின் நெகட்டிவ் முனையை ஒரு தடித்த பட்டையால் சேசிஸில் பூட்டிவிடுகிறார்கள். அதன்பின் வண்டியின் இரும்பு உடல் முழுவதும் பொதுவான திரும்பும் பாதை ஆகிவிடுகிறது. ஹெட்லைட், ஹாரன், வைப்பர், உள்விளக்கு எல்லாம் தத்தம் இடத்தில் ஒரு ஸ்க்ரூவில் உடலைத் தொட்டுக்கொண்டால் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயர் மிச்சம். செம்பு மிச்சம், எடை மிச்சம். பழைய பிரிட்டிஷ் கார்கள் சிலவற்றில் பாசிட்டிவ் முனையே உடலில் இருக்கும், ஆனாலும் ஏற்பாடு இதுதான். கார்களுக்கு வெகுகாலம் முன்பே தந்திக்காரர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். 1838இல் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்ற விஞ்ஞானி, தந்திக்கு இரண்டாவது கம்பி வேண்டியதில்லை, மண்ணே மின்னோட்டத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும் என்று காட்டினார். பூமி முழுவதும் ஒரு கம்பியாகக் கிடைத்த மாதிரி. தந்தியும் பிறகு வந்த டெலிபோனும் ஒற்றைக் கம்பியில் ஊர் ஊராகப் பரவ அது உதவியது. நகரங்களில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியதும் அதன் மின்னோட்டமும் அதே மண் வழியே திரும்ப, டெலிபோனில் பேச்சைவிட இரைச்சல் அதிகமாகக் கேட்டது. அப்புறம் டெலிபோன்காரர்கள் வேறு வழியில்லாமல் ஒவ்வொரு இணைப்புக்கும் இரண்டு கம்பி இழுத்தார்கள். இந்தப் பழைய வரலாறு எங்கள் வேனின் கூரைக்குள் திரும்ப நடந்ததாக எனக்குப் படுகிறது. எங்கள் டிராம், பிரேக் விளக்கு.

கடலூர் ஓ.டி. என்கிற பழைய நகரத்தில், துறைமுகத்துக்குப் போகிற வழியில் பட்டறை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் ஒருவர்தான் அதைக் கண்டுபிடித்தார். வண்டிகளுக்கும் செய்வார், படகுகளுக்கும் செய்வார். நான் மாற்றிய பாகங்களின் பட்டியலைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டார். "எல்லாரும் பாசிட்டிவ்வத்தான் தம்பி தேடுவாங்க. எர்த்து பாடியிலதான இருக்கு, எங்க போயிடப் போவுதுன்னு உட்டுடுவாங்க" என்றார். மீட்டரின் கருப்பு முனையை நீளமான ஒயர் ஒன்றால் பேட்டரியின் நெகட்டிவ்வில் மாட்டினார். சிவப்பு முனையைக் கூரையில் விளக்கின் எர்த் ஒயர் முனைமேல் வைத்தார். இரண்டுமே நெகட்டிவ், இடையில் ஒன்றும் காட்டக்கூடாது. காட்டவும் இல்லை, பூஜ்யம்தான். "இப்ப லைட்டப் போடுங்க அண்ணே" என்று நானே சொன்னேன், ஆர்வத்தில். விளக்கு எரிந்ததும் மீட்டரில் ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வந்து நின்றது. "ஏறி பிரேக்க மிதிங்க" என்றார். மிதித்தேன். மூன்று வோல்ட்டைத் தாண்டியது. விளக்கு ஏறத்தாழ அணைந்தே போனது. பின்பக்கத்து இரண்டு பிரேக் பல்புகளும் தலைக்கு 21 வாட். அவற்றின் எர்த்தும் உள்விளக்கின் எர்த்தும், இடதுபக்கப் பின்தூணில் ஒரே ஸ்க்ரூவில் முடிந்திருந்தன. அந்த ஸ்க்ரூவுக்கும் தூணுக்கும் நடுவே துரு சேர்ந்து ஒரு ஓம் அளவுக்குத் தடை உண்டாகியிருந்தது. ஒரு ஓம் என்பது பெரிய எண் மாதிரி தெரியாது. ஆனால் மூன்று ஆம்பியருக்குமேல் அந்த வழியாகத் திரும்ப முயலும்போது அங்கேயே மூன்று வோல்ட் போய்விடுகிறது. எல்.இ.டி. பட்டையில் மும்மூன்று விளக்குகள் தொடராகக் கோக்கப்பட்டிருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய மூன்று வோல்ட் வேண்டும். மிஞ்சியிருந்த ஒன்பது சொச்சத்தில் அவை கண்ணை மூடிக்கொண்டன.

எனக்கு அதிர்ச்சியாக இருந்தது அந்த முதல் பூஜ்யம்தான். விளக்கை அணைத்துவிட்டு அளந்தால் அந்த ஸ்க்ரூ பழுதற்றது. அதன் வழியாக யாரும் போகாதவரை அதன் குறை எந்தக் கருவியிலும் பதியாது. வரும் பக்கத்திலும் இதே கதைதான்: இற்றுப்போய் ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒயரின் நுனியில் மீட்டரை வைத்தால் முழு 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கிட்டத்தட்ட எதையும் இழுப்பதில்லை. பல்பை மாட்டினால்தான் சாயம் வெளுக்கும். அதனால்தான் பழைய தலைமுறை எலக்ட்ரீஷியன்கள் ஹோல்டரில் பல்பு செருகி இரண்டு ஒயர் நீட்டிய டெஸ்ட் லேம்பை இன்னும் பையில் வைத்திருக்கிறார்கள். அது கொஞ்சமாவது சுமையைக் கொடுத்துப் பார்க்கும். ஊரில் பாலம் கட்டினாலும் கால்வாய் வெட்டினாலும் வெயில் காலத்தில் போய்ப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று எழுதுகிற அறிக்கைகளை நினைத்துக்கொண்டேன். கார்த்திகையில் தண்ணீர் வரும்போது யாராவது அங்கே போய் நின்று அளக்கிறார்களா என்பதுதான் தெரிய வேண்டும்.

கதவைத் திறந்தால் எரிகிற விளக்கையும் இந்தச் சமயத்தில்தான் கவனித்தேன். கதவுத் தூணில் குமிழ் மாதிரி ஒரு சின்ன சுவிட்ச் நீட்டிக்கொண்டிருக்கும். கதவு மூடினால் உள்ளே அமுங்கும். அது பாசிட்டிவ்வைத் திறந்து மூடுகிறது என்றுதான் நினைத்திருந்தேன். பல வண்டிகளில் இருப்பதுபோல எங்கள் வண்டியிலும் அது திரும்பும் பக்கத்தில் இருக்கிறது. பாசிட்டிவ் எப்போதும் விளக்குவரை வந்து நிற்கும். கதவு திறந்து குமிழ் வெளியே வந்தால் மறுமுனை தூணைத் தொடும், வழி கிடைக்கும், விளக்கு எரியும். மழைக்காலத்தில் அந்தக் குமிழுக்குள் ஈரம் இறங்கினால் கதவு மூடியபிறகும் எல்.இ.டி. மின்மினி அளவுக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும். ஈரம் வழியாகக் கசிகிற மிகச் சின்ன ஓட்டமே எல்.இ.டி.க்குப் போதும். பழைய டங்ஸ்டன் பல்பாக இருந்தால் காட்டிக்கொடுக்காது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, விளக்கு முழுசாக அணைய மாட்டேன் என்கிறதே என்று சொன்னது சகுனம் பார்க்கிற குரலில்தான். விஷயம் கதவுத் தூணில் இருந்தது.

கூரையின் ரெக்சினைக் கிழித்து ப்ளைவுட்டை இறக்கியபோது, சுற்றுலா காலத்து ஒயர்கள் அத்தனையும் தலைமேல் சரிந்தன. கலர் விளக்குக்கு இழுத்தது, பாட்டுப்பெட்டிக்கு இழுத்தது, எதற்கென்றே தெரியாமல் பாதியில் நின்றது. சிவப்பு நெகட்டிவ்வாகவும் கருப்பு பாசிட்டிவ்வாகவும் போயிருந்தன. முறுக்கிச் சுற்றிய இணைப்புகளில் டேப்பின் பசை கசிந்து விரலில் கறுப்பாக ஒட்டியது. ஒரு இடத்தில் டேப்புக்குப் பதிலாகக் காயத்துக்குப் போடும் பிளாஸ்டர் சுற்றியிருந்தார்கள். ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த செம்புக் கம்பி ஒன்று. ஒயர் தீய்ந்தாலும் அது உருகாது. எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒரு ஒயரின் தோலை நுனியில் சீவினார். செம்பு கறுத்திருந்தது. இன்னும் ஒரு சாண் உள்ளே சீவினார், அங்கேயும் கறுப்பு. தோலில் கீறல் எதுவும் இல்லை. கடற்காற்றின் ஈரமும் உப்பும் நுனியில் நுழைந்து, இழைகளுக்கு நடுவே உள்ள நூலிழை இடைவெளி வழியாக ஊர்ந்து அவ்வளவு தூரம் போயிருக்கிறது. முனையில் பச்சை, உள்ளே கறுப்பு. சிதம்பரத்தின் ஓரத்தில் கொற்றவன்குடியில் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவாச்சாரியாரின் சைவ சித்தாந்த மரபில், ஆணவ மலம் உயிரோடு எப்படி ஒட்டியிருக்கிறது என்பதற்குச் சொல்லும் உவமை செம்பில் களிம்பு. எப்போது வந்தது என்று சொல்ல முடியாதபடி, செம்போடு செம்பாகவே இருப்பது. வேதியியல் படித்தவன் என்பதால் இந்த உவமையோடு எனக்குப் பல காலம் சண்டை உண்டு. களிம்பு செம்பின் பிறவிக்குணம் இல்லை, காற்றும் ஈரமும் உப்பும் வெளியிலிருந்து வந்து செய்வது என்பேன். தோல் கிழியாத ஒயருக்குள் ஒரு சாண் ஆழத்தில் அந்தக் கறுப்பைப் பார்த்தபோது, உவமை சொன்னவர்கள் செம்புப் பாத்திரங்களை எவ்வளவு கூர்ந்து பார்த்திருப்பார்கள் என்றுதான் தோன்றியது. வெளியிலிருந்து வந்ததற்கான அடையாளமே இல்லாமல் உள்ளே இருக்கிற ஒன்றை அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். என் சண்டை முடியவில்லை, ஆனால் பழைய தெம்பில் இல்லை.

அந்த ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றி, உப்புத்தாளால் தூணைப் பளபளவென்று தேய்த்து, புது லக் போட்டு, பல்லுள்ள வாஷர் வைத்து இறுக்கி, மேலே வாசலின் தடவியிருந்தால் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்திருக்கும். அதைச் செய்தும் பார்த்தோம்; பிரேக்கை மிதித்தபோது மீட்டரில் கால் வோல்ட்கூட வரவில்லை. "ஆனா இது கடலோரம் தம்பி. ரெண்டு மழை பாத்தா திரும்ப வரும்" என்றார் அண்ணன். படகு முறையில் செய்துவிடலாம் என்பது அவர் யோசனை. ஃபைபர் படகின் உடலில் மின்சாரம் ஓடாது. அதனால் படகில் ஒவ்வொரு விளக்குக்கும் போகிற ஒயர் ஒன்று, திரும்புகிற ஒயர் ஒன்று என்று ஜோடியாகத்தான் இழுத்தாக வேண்டும். இரும்புப் படகிலும் நல்ல எலக்ட்ரீஷியன் உடலை எர்த்தாகப் பயன்படுத்த மாட்டார்; கசிகிற மின்னோட்டம் உடலையே அரித்துவிடும். கடலில் இருப்பவர்கள் பொதுவழியை நம்புவதில்லை. வெள்ளீயம் பூசிய செம்பு இழைகள் கொண்ட ஒயரை வாங்கி வந்தோம். அதில் களிம்பு சீக்கிரம் ஏறாது. பேட்டரியின் பாசிட்டிவ்வுக்குப் பக்கத்திலேயே ஐந்து ஆம்பியர் ஃப்யூஸ் வைத்தார். அது விளக்கைக் காப்பாற்ற இல்லை, ஒயரைக் காப்பாற்ற என்பதை இரண்டு தடவை சொன்னார். கூரைச் சட்டத்தில் ஒயர் நுழையும் துளை ஒவ்வொன்றிலும் ரப்பர் வளையம் போட்டார். ஓட்டத்தில் தகரத்தின் விளிம்பு தோலை அறுக்காமல் இருக்க. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு மேல் தள்ளும், 12 வோல்ட்டுக்கென்று செய்த மலிவுப் பட்டைகள் அந்தச் சூட்டில் சீக்கிரம் சாகும் என்பதால், விளக்குகளுக்கு முன்னால் வோல்ட்டேஜைச் சீராக்கும் சின்ன பெட்டி ஒன்றையும் பொருத்தினார். லக்குகளைக் கிரிம்ப் செய்து, மேலே பசையுள்ள ஸ்லீவ் மாட்டி, லைட்டர் தீயைக் காட்டிச் சுருக்கினார். ஸ்லீவின் இரண்டு வாயிலும் பசை மெல்லியதாகப் பிதுங்கி வந்தால்தான் ஈரம் புகாது. பிதுங்கும்வரை தீயை நகர்த்திக்கொண்டே இருந்த அந்தக் கை இன்னும் கண்ணில் நிற்கிறது. எல்லா விளக்குகளின் திரும்பும் ஒயர்களும் ஒரு பித்தளைப் பட்டையில் வந்து சேர்ந்தன. அங்கிருந்து ஒரே தடித்த ஒயர் நேராக பேட்டரிக்கு. வண்டியின் உடலை எங்கேயும் தொடவில்லை.

நெருடல் இங்கேதான். எங்கள் விளக்குகள் பொதுவழியிலிருந்து வெளியேறிவிட்டன. பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் எல்லாம் இன்னும் அதே துருப்பிடிக்கிற உடலைத்தான் நம்பி இருக்கின்றன. முன்பு அந்தப் பொதுவழி கெட்டால் உள்விளக்கு மங்கி எனக்குச் சொல்லும். பிரேக்கை மிதிக்கும்போது அம்மாவின் கையிலிருந்த மாத்திரை அட்டை இருட்டானது, உண்மையில் பின்னால் வருகிறவனுக்கு என் பிரேக் விளக்கு மங்கலாகத் தெரிகிறது என்ற செய்தி. டங்ஸ்டன் பல்பில் வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். எங்கள் பிரேக் பல்புகள் இழந்திருந்தது அதைவிட மிக அதிகம். அதை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே சாட்சி உள்விளக்கு. இப்போது உள்ளே சீரான வெளிச்சம். பின்னால் என்ன நடந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

எங்கள் மாவட்டத்தில் தண்ணீரையும் இப்படித்தான் நடத்துகிறோம். கீழணையிலிருந்து வீராணம் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வடவாறு எல்லோருக்கும் தெரியும். தூர்வாரவில்லை என்றால் சண்டை வரும். உபரியை வெளியேற்றும் வெள்ளியங்கால் ஓடையின் பெயர் மழைக்காலத்தில்தான் செய்தித்தாளில் வரும், அதுவும் கரையோர ஊர்களில் தண்ணீர் புகுந்தபிறகு. நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைக்கிற நீரைப் பரவனாறு சுமக்கிறது. எத்தனையோ ஊர்களுக்கு வெளிச்சம் அனுப்புகிற இடத்தின் வடிகால் என்ற முறையில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. 2015 மழையில் குறிஞ்சிப்பாடிப் பக்கமும் கடலூரிலும் வெள்ளம் புகுந்தபோது, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றே எல்லோரும் கேட்டார்கள். எங்கே போக முடியாமல் நின்றது என்ற கேள்வி அவ்வளவு சத்தமாகக் கேட்கவில்லை. அதற்குப்பின் எங்கள் தெருவில் வீடு கட்டியவர்கள் எல்லோரும் மனையை மண்ணடித்து உயர்த்தித்தான் கட்டினார்கள். அவரவர் வீட்டுக்கு அது நியாயம். முழங்கால் தண்ணீரில் ஒருமுறை நின்றவனிடம் உயர்த்தாதே என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் ஒவ்வொரு மனையும் உயர உயர, உயர்த்த வசதியில்லாத பழைய வீடுகள் தெருவின் வடிகாலாக மாறின. உயர்ந்த வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கிறவருக்குத் தெருவில் தண்ணீர் நிற்பது தெரியும், உறுத்தாது. வடிகாலைச் சரிசெய்யச் சொல்லி நகராட்சி வாசலில் நிற்க வேண்டிய ஆட்களில் பாதிப்பேர் தனி வழி தேடிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்கள். படகில் தனி ஒயர் இழுப்பது அந்த உடலின் இயல்பு கருதி. நாங்கள் தனி ஒயர் இழுத்தது, இருந்த பொதுவழியைப் பராமரிக்கச் சலித்து. இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. டெலிபோன்காரர்கள் செய்தது எந்த வகை என்று இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.

பொதுவழி கெட்டால் ஓட்டம் நின்றுபோகும் என்றால்கூடப் பயமில்லை. நிற்காது. எஞ்சினையும் சேசிஸையும் இணைக்கிற செம்புப் பின்னல் பட்டை இற்றுப்போனாலும் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூறு இருநூறு ஆம்பியர் வேண்டும், அது எப்படியாவது திரும்பிப் போயாக வேண்டும். ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவோ கிளட்ச் கேபிள் வழியாகவோ போகும். அந்த வேலைக்கென்று செய்யப்படாத மெல்லிய கம்பி சூடாகிக் கருகும். கேபிள் ஏன் அடிக்கடி இறுகுகிறது என்று கேபிளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள் என்று அண்ணன் சொன்னார். அப்படி வந்த வண்டிகளை அவர் பார்த்திருக்கிறார். 2015இல் வடிகால் கிடைக்காத தண்ணீர் படுக்கையறை வழியாகப் போனதை நாங்களும் பார்த்தோம்.

அதனால் அந்த எர்த் பட்டைகளை அவிழ்க்கச் சொல்லியிருக்கிறேன். பேட்டரியிலிருந்து சேசிஸுக்குப் போவது, எஞ்சினிலிருந்து சேசிஸுக்குப் போவது, பின்தூண் இரண்டிலும் உள்ளவை, முன்னால் ஹெட்லைட்டுக்குக் கீழே இருப்பவை, எல்லாவற்றையும் கழற்றித் தேய்த்து, தேய்ந்ததை மாற்றிப் பூட்ட வேண்டும். சேசிஸில் இருக்கிற போல்ட்டுகள் துருவில் இறுகிக் கிடக்கின்றன. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும், முறிந்தால் வெல்டிங் பட்டறைக்கும் போக வேண்டும். "லைட்டுக்கு ஆனதவிட ஜாஸ்தி ஆவும் தம்பி. வெளிச்சம் ஒண்ணும் கூடாது, பாத்துக்குங்க" என்று அண்ணன் முன்கூட்டியே சொன்னார். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வண்டியைக் கொண்டுவந்து விடுகிறேன் என்றேன். இந்த முறை அளவெடுக்கும்போது ஹெட்லைட், வைப்பர், விசிறி, பிரேக் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டு வைத்துத்தான் மீட்டரைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க ஆள் வேண்டும் என்றார். அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். மீட்டரை நான் பிடிப்பேன்.